வலது தோளும் மைத்துனன் இறைத்த தண்ணீரும்

என் மாமா நல்லுசாமிக்கு ஒருவர் மேல் பொறாமை வந்துவிட்டால் உடனே எண்ணத் தொடங்கிவிடுவார். அடுத்த காட்டில் எத்தனை பாத்தி வெங்காயம், பங்காளி வீட்டு எருமை எத்தனை படி கறக்கிறது, கல்யாணப் பந்தியில் தன் இலையில் எத்தனை வடை, எதிர் இலையில் எத்தனை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உதடு மட்டும் அசையும். பஞ்சவர்ணம் அத்தை அந்த உதட்டைப் பார்த்தே இன்றைக்கு யார் மேல் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

1946ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து புரட்டாசி வரை அவர் எண்ணியது ஒரே ஆளை. அத்தையின் தம்பி சிங்காரவேலுவை. அந்தச் சிங்காரவேலுதான் பிற்பாடு எனக்கு அப்பா ஆனவர். ஆகையால் நான் எழுதுவதில் ஒருபக்கச் சாய்வு வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. இப்போது நான் இருக்கும் ஊரிலிருந்து அத்தைக்கு இரண்டு கடிதம் போட்டுக் கேட்டேன். இரண்டுக்கும் வெவ்வேறு பதில் வந்தது. அப்பாவும் மாமாவும் தனித்தனியே சொன்னதையும், அத்தையின் இரண்டு பதில்களில் எது பொருந்துகிறதோ அதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவுக்குக் குன்னத்துக்குக் கிழக்கே இரண்டு காணிக் கரிசல் இருந்தது. பெரும்பகுதி மானாவாரி, சோளமும் பருத்தியும். கிணற்றுப் பாய்ச்சல் உள்ள ஒரு மூலையில் மட்டும் சின்ன வெங்காயம். அந்த மூலைக்குக் கவலை இறைப்பதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டத்தில் ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். ஊராரும் பெரிதாக மறுத்ததில்லை.

கவலை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் ஒரு பெரிய உருளை. அதன் வழியாகக் கிணற்றுக்குள் போகும் தடித்த கயிறு, வடம். வடத்தின் நுனியில் தண்ணீர் மொள்ளும் சால். மறுநுனியில் இரண்டு எருதுகள். கிணற்றிலிருந்து வெளியே ஒரு சரிவு வெட்டியிருக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு அதே எருதுகள் பின்பக்கமாகவே நடந்து சரிவில் ஏற வேண்டும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் பாரத்தையும் கொடுப்பார். ஏறும்போது மாடுகளின் வலப்பக்கம் நின்று, மூக்கணாங்கயிற்றை வலது கையில் பிடித்து, குரல் கொடுத்துப் பின்னுக்கு வாங்குவார். முன்னே போகச் சொன்னால் எந்த மாடும் போகும். பின்னால் வரச் சொன்னால், நம்புகிற ஆள் சொன்னால்தான் வரும். மாமாவின் மயிலையும் செவலையும் அவர் நாக்கைச் சொடுக்கி "ஹோய் வா, ராசா வா" என்றதும் கால் பார்க்காமல் பின்னால் ஏறும். மற்ற எவன் கூப்பிட்டாலும் நின்ற இடத்தில் நின்று சாணி போடும்.

தைப்பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் காலையில் வடம் அறுந்தது. மாமா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பாரம் திடீரென்று விட்டுப்போன மிரட்சியில் எருதுகள் சரிவில் பாய்ந்தன. மாமா கீழே விழுந்தார், ஆனால் கையில் சுற்றியிருந்த மூக்கணாங்கயிற்றை விடவில்லை. விட்டிருந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிருக்கும். மாடு ஓடிவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்தார். வலது கை பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு போக, பத்தடி இழுபட்டார். எழுந்தபோது தோளின் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

எலும்பு கட்டும் பிச்சைமுத்துவைக் கூட்டி வந்தார்கள். அவர் மாமாவைத் தரையில் படுக்க வைத்து, அக்குளில் தன் குதிகாலை ஊன்றி, கையை மெதுவாக இழுத்துத் திருப்பி மூட்டை உள்ளே இறக்கினார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். இருபத்தொரு நாள் கட்டு அவிழக் கூடாது, அப்புறம் நானே வந்து அவிழ்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்காயம் நட்டு முப்பது நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் தாள் மஞ்சளாகிவிடும். அத்தை தன் பிறந்த ஊரான விக்கிரமங்கலத்துக்கு ஆள் அனுப்பினாள். மறுநாளே சிங்காரவேலு ஒரு மூட்டைத் துணியோடு வந்து நின்றார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. தாயில்லாப் பிள்ளை, அத்தைதான் தூக்கி வளர்த்தவள். அவர் வாசலில் கால் வைத்ததும் அத்தை முகம் மலர்ந்ததை மாமா பார்த்துவிட்டார். நம்மைக் கண்டு இவள் முகம் இப்படிக் கடைசியாக மலர்ந்தது எப்போது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

"கையை அசைக்காதீங்க மாமா. நான் பாத்துக்கறேன்" என்றார் சிங்காரவேலு.

நான் பாத்துக்கறேன் என்ற அந்தச் சொல்லை மாமா சாகும்வரை மறக்கவில்லை. மரியாதையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் தனக்கு நெஞ்சோடு கட்டுப்போட்டிருக்கும்போது இன்னொருவன் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைச் சொன்னதுதான் அவருக்கு உறுத்தியது.

புது வடம் மாட்டிய பிறகும் முதல் இரண்டு நாள் உருளைச் சத்தம் கேட்கவில்லை. மாடு மசியவில்லை என்று தெரிந்து மாமா நிம்மதியாகப் படுத்திருந்தார். வெங்காயம் வாடுவது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். மூன்றாம் நாள் விடிந்ததும் உருளை கிறீச்சிட்டது. பிறகு நிற்கவேயில்லை. ஒரு கிறீச்சு, ஒரு சால். மாமாவின் உதடு அசையத் தொடங்கியது. அவர் நல்ல உடம்போடு இருந்தபோது காலைக்கு அறுபது சால் இறைப்பார். அன்றைக்கு அறுபத்தெட்டு கேட்டது. எங்கோ இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று முடிவு செய்து, மறுநாள் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு புளியங்கொட்டை வைத்துக்கொண்டு எண்ணினார். எழுபத்தொன்று.

"சால் ரொம்பாமயே தூக்குறான் போல" என்றார் அத்தையிடம்.

"தொட்டி வழியுது. வந்து பாருங்களேன்" என்றாள் அத்தை.

அவர் போகவில்லை. அத்தை தூக்கில் பழைய சோறும் மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். பாத்திக்கு மடை மாற்றுவது அவள் வேலை. திரும்பி வரும்போது சிரித்த முகமாக வருவாள். தம்பி ஏதோ சொன்னான் என்பாள், என்ன சொன்னான் என்று கேட்டால் "சும்மா" என்பாள். மாமா காலையில் மாட்டுக் கொட்டிலுக்குப் போய் மயிலையின் முகத்தைத் தடவிப் பார்ப்பார். மாடு அவர் கையை நக்கும். நக்கிவிட்டு, சிங்காரவேலு தீவனக் கூடையோடு வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். பசித்த மாடு வேறென்ன செய்யும். மாமாவுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. பருத்திக்கொட்டை வைத்துப் பழக்கிவிட்டான் என்று நினைத்தார்.

ஒன்பதாம் நாள் அவரால் படுத்திருக்க முடியவில்லை. கிணற்றடிக்கு நடந்தார். வேலிக்கு இப்பாலேயே ஒரு குரல் கேட்டது. நாக்கைச் சொடுக்கி, "ஹோய் வா, ராசா வா". தன்னுடைய குரல். தான் இங்கே நின்றுகொண்டிருக்க, தன் குரல் அங்கே கேட்டது. எட்டிப் பார்த்தார். மாடுகளின் வலப்பக்கம், அவர் நிற்கும் இடத்தில், அவரைப் போலவே ஒரு காலை முன்வைத்துச் சிங்காரவேலு நின்றிருந்தார். தலையில் கட்டியிருந்தது மாமாவின் சிவப்புக்கரைத் துண்டு. மடை மாற்றிக்கொண்டிருந்த அத்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நையாண்டி செய்கிறான், அதற்கு இவளும் சிரிக்கிறாள். அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

நேரே சரிவில் ஏறினார். இடது கையாலும் பல்லாலும் கட்டை அவிழ்த்தார். மூங்கில் பத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அத்தை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சிங்காரவேலு துண்டை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு, கயிற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"குடுறா கயித்த."

"வேணாம் மாமா. பன்னண்டு நாள் இருக்கு."

"என் மாடு. என் கயிறு. குடு."

வலது கை வலித்ததால் இடது கையில் கயிற்றை வாங்கி, இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். எருதுகள் சரிவில் இறங்கின, சால் கொட்டியது. பின்னால் வாங்கக் குரல் கொடுத்தார். மாடுகள் நகரவில்லை. எட்டு வருஷமாக வலப்பக்கத்திலிருந்து வந்த குரல் அன்றைக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. கயிறும் தப்பான பக்கம் இழுத்தது. மயிலை குழம்பிப்போய்ச் செவலையின் மேல் சாய்ந்தது. இவ்வளவு எளிய காரணம் அந்த நேரத்தில் அவருக்கு எட்டவில்லை. மாட்டை என்னவோ செய்துவிட்டான் என்றுதான் பட்டது. கோபத்தில் வலப்பக்கம் தாவி, வலது கையாலேயே கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். தோளுக்குள் ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டதாம். அது அவருக்கு மட்டும் கேட்ட சத்தம். கை தொங்கிவிட்டது.

பிச்சைமுத்து மறுபடி வந்து கட்டினார். போகும்போது அத்தையிடம் மட்டும், இனிமேல் இது என் கையில் இல்லை என்று சொன்னார்.

இந்த முறை மாமா கட்டை அவிழ்க்கவே இல்லை. இருபத்தொரு நாள் போயிற்று, நாற்பது போயிற்று. அவிழ்க்கலாம் என்று பிச்சைமுத்து சொல்லியனுப்பியும் கேட்கவில்லை. பாதி பயம். மீதி என்னவென்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கட்டு இருக்கும்வரை, கட்டு இருப்பதால்தான் சிங்காரவேலு இறைக்கிறான். கட்டை அவிழ்த்த பிறகும் கை எழும்பவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

பங்குனியில் வெங்காயம் பிடுங்கினார்கள். கோலிக்குண்டு போல, நல்ல சிவப்பு. அப்படி ஒரு விளைச்சல் அந்த மூலையில் அதற்கு முன் வந்ததில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, மச்சான் கைராசி என்றார்கள். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வெங்காயக் குழம்பு என்பதால் சாப்பிடவில்லை என்று அத்தையின் முதல் கடிதம் சொல்கிறது. இரண்டாம் கடிதத்தில் அவள் அதை எழுதவில்லை.

சித்திரையில்தான் கட்டை அவிழ்த்தார். எலும்புக் கூட்டின் மேல் தோல் போர்த்தியது போலக் கை இளைத்திருந்தது. முழங்கை இடுப்பிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகவில்லை. தலை சீவ முடியாது. கோவணம் கட்ட முடியாது. சோற்றுக்கு வாயைக் கைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அத்தை அன்றைக்கு வண்டி கட்டச் சொன்னாள். ஓட்டியது சிங்காரவேலு. மாமா வண்டியின் பின்பக்கம் முகம் வைத்து உட்கார்ந்துகொண்டு, அரியலூர் வரை வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு எதிர்த்த சந்தில் இராமலிங்கம் என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். சண்டைக்குப் போய், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கை கால் போனவர்களையும், போகாமலே போய்விட்டதென்று உட்கார்ந்துவிட்டவர்களையும் நிறையப் பார்த்தவர். மாமாவின் தோளை முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்து, நடந்தது முழுவதையும் அத்தை சொல்லக் கேட்டார். மாமாவிடம் கேட்கவில்லை.

"எலும்பு ஒடையலங்க. நழுவுன மூட்ட உங்க வைத்தியர் சரியாத்தான் வச்சிருக்காரு. எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கற ஜவ்வுன்னு ஒண்ணு உள்ள இருக்கு. அதான் கிழிஞ்சது" என்றார். பிறகு, "கவலை எறைக்கிறவராச்சே. வடத்துல ஒரு புரி விட்டுப்போனா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

மாமாவுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "புரிய முறுக்கி வச்சுக் கட்டுவோம். கொஞ்ச நாளைக்கு அரைச் சால்தான் மொள்ளுவோம்."

"கட்டுன அன்னைக்கே முழுச்சால் தூக்குனா?"

"அறுந்துரும்."

"சரி, அறுந்துரும்னு பயந்து மூணு மாசம் சுருட்டி மூலையில போட்டுட்டா?"

"வெறச்சுப் போயிரும். வளையாது."

"இந்த ரெண்டையும் நீங்க பண்ணிப்புட்டீங்க" என்றார் கம்பவுண்டர்.

அவர் மருந்து என்று கொடுத்தது ஒரு தைலம் மட்டும். மீதியெல்லாம் வேலை. நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்த பிறகு, குனிந்து நின்று, தண்ணீர்ச் சொம்பை வலது கையில் தொங்கவிட்டு, மணியின் நாக்கு ஆடுவது போலக் கையைச் சும்மா ஆட விட வேண்டும். சுவரோரம் நின்று விரல்களைப் பல்லி போல மேலே நடக்க விட வேண்டும். மூன்றாவதாக, ஒரு மரக்கிளையில் சின்ன உருளை கட்டி, கயிற்றின் ஒரு நுனியை வலது கையிலும் மறுநுனியை இடது கையிலும் பிடித்து, நல்ல கை இறங்கினால் கெட்ட கை ஏறும்படி இழுக்க வேண்டும். வலி எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி மூன்று மூச்சு விட வேண்டும். வலியைத் தாண்டி ஒரு விரற்கடைகூடப் போகக் கூடாது.

எப்போது சரியாகும் என்று அத்தை கேட்டாள். புரட்டாசிக்குள் கை காதுக்கு மேல் போய்விட்டால் கவலை இறைக்கலாம், போகாவிட்டால் அதற்கப்புறம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் அவர்.

திரும்பும் வழியில், முந்திரித் தோப்பு தாண்டியதும், அத்தை வண்டிக்குள்ளிருந்து பொதுவாகச் சொன்னாள். சிங்காரவேலுக்கு உடையார்பாளையம் பக்கத்தில் பெண் பார்த்திருக்கிறது. ஐப்பசியில் கல்யாணம். புரட்டாசியிலும் இந்தக் கை இப்படியே இருந்தால், அவன் பெண்டாட்டியோடு இங்கேயே வந்து இருந்துகொள்ளட்டும். கிணற்று மூலையை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

 சிங்காரவேலு மாட்டை அதட்டினார், மாடு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மாமாவுக்குப் புரட்டாசி ஒன்றுதான் கண்ணில் நின்றது. கிணற்று மூலை போய்விட்டால் தன் காட்டில் தானே விருந்தாளி. கொல்லைப் புளியமரத்தில் உருளை கட்டியாயிற்று. கட்ட மரம் ஏற வேண்டியிருந்தது, ஏறியவர் சிங்காரவேலு. அதையும் மாமா கீழே நின்று, முடிச்சு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்தார்.

வைகாசியில் வெங்காயம் பிடுங்கிய மூலையில் கேழ்வரகு நட்டு மறுபடி இறைப்பு தொடங்கியது. கிணற்று உருளையின் கிறீச்சு வீட்டுக் கொல்லைக்கு நன்றாகக் கேட்கும். அங்கே ஒரு சால் ஏறினால் இங்கே மாமாவின் கை ஒருமுறை ஏறும். அங்கே வேகம் கூடினால் இங்கேயும் கூடும். எழுபது என்றால் எழுபது. மூன்று மூச்சாவது, நிறுத்துவதாவது. இருபது நாளில் தோள் பூசணிப்பிஞ்சு போல வீங்கிவிட்டது. எட்டிய ஒரு சாணும் அரைச் சாணாகக் குறைந்தது.

மறுபடி அரியலூர். கம்பவுண்டர் வீக்கத்தைப் பார்த்தார்.

"யாரோடங்க போட்டி போடுறீங்க?"

மாமா கூரையைப் பார்த்தார். அத்தை தெருவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா அந்த ஆளு வேலை செய்யற நேரத்துல நீங்க கயித்தத் தொடாதீங்க. அவரு நிறுத்துனப்பறம் தொடுங்க" என்றார். பத்து நாள் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

மாமா அந்தச் சொல்லைக் கேட்டார். கேட்டதற்குக் காரணம் கம்பவுண்டர் மட்டுமல்ல. ஆனி மாதம் நடந்த ஒரு காரியமும் சேர்ந்துகொண்டது.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள் என்று அத்தை வீட்டிலிருந்த துணி அத்தனையையும் உவர்மண் போட்டு வெளுத்துக் காயப்போட்டாள். அவர்கள் வந்து போன மறுநாள் காலை உருளைச் சத்தம் கேட்கவில்லை. மாமா காது கொடுத்துக் காத்திருந்தார். பொழுது ஏறியது. ஒரு கிறீச்சுகூட இல்லை. அவருக்குள் ஒரு சந்தோஷம் ஊறி வந்தது. ஒதுக்க முடியாத சந்தோஷம். ஐந்து மாதம் கழித்தாவது மாடு யாருடையது என்று காட்டிவிட்டதே. பார்க்க வேண்டும் என்று எழுந்தார். அதற்குள் அத்தை வேர்த்து விறுவிறுக்க வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மேல போட்டிருக்கற துண்டக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"மாடு ஏற மாட்டேங்குது. எம் புத்தி, அந்தச் செவப்புக்கரைத் துண்டையும் சேத்து வெளுத்துப்புட்டேன். உங்க வேர்வ வாட இல்லாம அதுங்க ஒரு அடி பின்னால வைக்காது."

மாமா துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் இரண்டு நாளும் மாடு அசையவே இல்லை. மூன்றாம் நாள் அவள்தான் அழுக்குக் கூடையிலிருந்து அவர் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் நிற்கும் பக்கம் நில், அவர் வைப்பது போலக் காலை வை, அவர் குரலில் கூப்பிடு என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தவள் அவள். குரல் படிய நாலு நாள் ஆயிற்று. அவன் அவரைப் போலக் கத்தும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வந்ததும் கட்டத்தான அவுத்தீங்க."

"அப்பறமாச்சும்?"

"சொன்னா துண்டத் தர மாட்டீங்க" என்றாள் அத்தை.

அது உண்மை என்று மாமாவுக்குத் தெரிந்தது. கிணற்று மேட்டில் மாடுகள் வெயிலில் நின்றன. கேழ்வரகுக்கு அன்று தண்ணீர் முறை.  பிறகு துண்டை இடது கையால் உருவிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "வாரத்துக்கு ஒருக்கா என்கிட்ட குடுத்து வாங்கிக்க. இல்லேன்னா வாட போயிரும்" என்றார். அத்தை போன கொஞ்ச நேரத்தில் உருளை கிறீச்சிட்டது. அன்றைக்கு அவர் எண்ண முயன்றும் எண்ண வரவில்லை. அங்கே இறைப்பது சிங்காரவேலு என்று எண்ணுவதா, தான் என்று எண்ணுவதா என்று குழப்பமாக இருந்ததாம்.

இதனால் பொறாமை தீர்ந்துபோயிற்று என்று நான் எழுதினால் மாமாவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சாப்பாட்டில் யாருக்கு முதல் கரண்டி என்று பார்ப்பது நிற்கவில்லை. சிங்காரவேலுவின் நலங்குக்கு அத்தை எடுத்த வேட்டியின் கரையை அவர் விரலால் அளந்ததை அப்பா பார்த்திருக்கிறார். ஆனால் புளியமரத்துக் கயிற்றை மட்டும் அவர் கிணறு ஓய்ந்த பிறகே தொட்டார். ஊர் அடங்கிய உச்சிவெயிலில் தனியாக நின்று இழுப்பார். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்துவார். மூன்று மூச்சு. நேற்று எட்டிய இடத்தை இன்று எட்டாத நாள்களும் இருந்தன. அப்படிப்பட்ட நாளில் முன்பெல்லாம் பல்லைக் கடித்து இழுத்தவர், இப்போது கயிற்றை விட்டுவிட்டு ஒத்தடத்துக்கு வெந்நீர் கேட்பார். ஆடியில் உள்ளங்கை நெற்றியைத் தொட்டது. ஆவணி நடுவில் தானே தலை சீவிக்கொண்டார். அந்தச் சீப்பை அத்தையிடம் காட்டுவதற்காகக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாராம். அத்தை பார்த்துவிட்டு, பின்னால் இன்னும் சிக்கு இருக்கிறது என்று சொன்னாள்.

புரட்டாசி இரண்டாம் வாரம் கை காதைத் தாண்டியது. முழுக்க நேராக இல்லை, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து. ஆனாலும் தாண்டியது. அந்த வாரமே வெங்காயம் நட்டார்கள். நட்டதற்கு உயிர்த்தண்ணீர் விட வேண்டும். மாமா விடியலில் எழுந்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் கிணற்றுக்குப் போனார். சிங்காரவேலு பின்னாலேயே போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அத்தை மடையில் நின்றாள்.

மாமா வலப்பக்கம் நின்று குரல் கொடுத்தார். மயிலையும் செவலையும் காதை விடைத்தன. பின்னால் ஏறின, கால் பார்க்காமல். முதல் சால் தொட்டியில் கொட்டியபோது அவர் திரும்பிச் சிங்காரவேலுவின் முகத்தைத்தான் பார்த்தார், தண்ணீரை அல்ல. சிங்காரவேலு பல் குச்சியை மென்றுகொண்டிருந்தார்.

பத்து, இருபது, முப்பது. முப்பத்திரண்டாவது சாலில் தோளுக்குள் ஒரு சின்னச் சுருக்கு. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. புளியமரத்தடியில் கயிற்றை நிறுத்தும் இடம் அது. இன்னும் பத்துச் சால் இறைத்தால் ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. இறைத்தால் அறுபதுகூடப் போய்விடலாம் என்றும் தோன்றியது. எதிரே ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாமா மாடுகளை மேட்டில் நிறுத்தினார். மூன்று மூச்சு விட்டார்.

"மாப்ள" என்றார். "நீ புடி."

அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் மயிலையின் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று அப்பா சொல்வார். அதெல்லாம் இல்லை, ஈ ஓட்டினேன் என்பார் மாமா.

சிங்காரவேலு எழுந்து வந்து கயிற்றை வாங்கினார். அவர் ஓட்டத் தொடங்கியதும் மாமாவால் அங்கே நிற்க முடியவில்லை. வரப்பில் இறங்கி வாய்க்காலோடு நடந்தார். அத்தை ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடைத்து அடுத்த பாத்திக்குத் திறந்துகொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் போய் இடது கையை மண்வெட்டிக்கு நீட்டினார்.

"இது என் வேலை. இதையும் புடுங்காதீங்க" என்றாள் அத்தை, நிமிராமலே.

மாமா வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் காலடியில் ஓடி, நட்ட வெங்காயத்தைச் சுற்றிக்கொண்டு ஊறியது. வேலையில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது அவருக்குப் புதிது. பத்தாவது சால் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்ததும் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கயிற்றைத் திரும்பக் கேட்பதற்காகக் கிணற்று மேட்டைப் பார்த்து நடந்தார்.